வண்டி விளக்குக்குப் புதுத்திரி

எனக்குக் குதிரை என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ஒரு பணக்கார வீட்டுக் குதிரை வண்டிகளோடு வேலை செய்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே என்னைக் கையில் சவுக்கோடு கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் சவுக்கைத் தொட்டதே இல்லை. வண்டி கழுவினேன், துடைத்தேன், பித்தளை மினுக்கினேன். அவ்வளவுதான் என் வீரம்.

கொழும்பில் நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டை எரித்தார்கள். மனைவியும் இரண்டு வயது மகளும் அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் நான் மட்டும் இங்கே வந்தேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் ஐந்து ஆண்கள். எல்லோருக்கும் மூத்தவர் பருத்தித்துறைக்காரர். அவரை நாங்கள் அண்ணை என்றே கூப்பிடுவோம். மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் இருந்த ஹாட்வெயார் கடையில் அவருக்கு வேலை. அந்தக் கடைக்குப் பித்தளைப் பொலிஷ் வாங்க வரும் ஒரு கிழவி தனக்கு ஆள் தேடுகிறாள் என்று ஒருநாள் செய்தி கொண்டுவந்தார்.

"குதிரை வண்டி துடைக்கிற வேலை. போறியோ?"

"ரொறன்ரோவிலை ஆர் அண்ணை குதிரை வண்டி வைச்சிருக்கினம்?"

"ஆள் அமெரிக்கக்காரி. மார்க்கம் ரவுணுக்கு அங்காலை பெரிய காணி. பயப்பிடாதை, குதிரை அங்கை இல்லையாம். வண்டி மட்டும்தான் நிக்குதாம்."

அதைக் கேட்ட பிறகுதான் போனேன். ஸ்டீல்ஸ் வீதி வரை பஸ். அதற்கு அப்பால் சோளக்காடுகளுக்கு நடுவே முக்கால் மணிநேர நடை. ஊரில் சைக்கிளைக்கூடத் துடைக்காத நான் பிறத்தியாருடைய வண்டியைத் துடைக்கப் போகிறேன் என்று வழி முழுக்க எனக்குள் பொருமிக்கொண்டே போனேன்.

அம்மையாருக்கு அப்போது எழுபது இருக்கும். கணவர் கனடாக்காரர், இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. பிறந்த வீடு நியூயோர்க் பக்கம், ஹட்சன் ஆற்றங்கரையில். பாட்டனார் ரயில் பாதை போட்டுப் பணம் உழைத்தவர். ரயிலில் உழைத்த பணத்தை அந்தக் குடும்பம் குதிரையில் செலவழித்தது. இது என் பகிடி அல்ல, அம்மையாரே சிரித்துக்கொண்டு சொன்னது. அந்தக் காலத்தில் அங்கே பணமுள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் வண்டிக்கென்று ஒரு நிறம் வைத்திருந்ததாம். இவர்களுக்குக் கரு நீல உடலும் மஞ்சள் சக்கரமும். தூரத்தில் வரும்போதே இன்னார் வீட்டு வண்டி என்று தெரிய வேண்டும். கார் வந்த பிறகும் அப்பா விடவில்லை. பயணத்துக்குக் கார், ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி என்று சட்டம் போட்டிருந்தார். ஏழு வயதில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கடிவாளத்தைக் கொடுத்தார்கள்.

அந்த வண்டிகளில் நான்கு இவரிடம் வந்திருந்தன. நான்கு குதிரை பூட்டும் பெரிய கோச் ஒன்று, கண்ணாடி ஜன்னல் வைத்த மூடிய வண்டி ஒன்று, இரட்டைக் குதிரை பூட்டும் திறந்த வண்டி ஒன்று, பனியில் இழுக்கும் சறுக்கு வண்டி ஒன்று. வீட்டைவிட வண்டிக் கொட்டகைதான் வடிவாக இருந்தது. நான் அதைப் பற்றிப் பேஸ்மென்றில் சொன்ன நாளிலிருந்து அண்ணை அதற்கு, கோயில் தேர் நிற்கிற இடம்போல, தேர்முட்டி என்று பெயர் வைத்துவிட்டார். "இண்டைக்குத் தேர்முட்டிக்குப் போகேல்லையோ?" என்று கேட்டுத்தான் காலையில் என்னை எழுப்புவார்.

தேரைக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு சட்டத்தோடு கழுவுவதில்லை. வண்டியை வெயிலில் வைத்துக் கழுவக் கூடாது. பச்சைத் தண்ணீர், பஞ்சு, பிறகு மெல்லிய ஆட்டுத்தோலால் ஒற்றி எடுக்க வேண்டும். உரசக் கூடாது. சேறு காய விடக் கூடாது. சவுக்கைக் கீழே வைக்கக் கூடாது, அதன் வளைவு கெடாமல் சுவரில் அதற்கென்று உள்ள மர வட்டத்தில் தொங்கவிட வேண்டும். கணவர் இறந்த நாளைச் சொல்லும்போதுகூட அம்மையாரின் குரல் மாறாது. ஆட்டுத்தோலில் ஒரு மணல் இருந்தால் மாறும்.

முதல் இரண்டு மாதம் எனக்கு எரிச்சல்தான். உலகத்தில் வீடு எரிந்தவன் இருக்கிறான், இவர்களுக்கு வார்னிஷில் ஒரு கீறல்தான் துக்கம் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே ஒற்றி எடுப்பேன். வேலை எனக்குத் தேவைப்பட்டது.

குதிரை இல்லை என்று அண்ணை சொன்னது பாதிதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்து திறந்த வண்டியில் பூட்டிவிட்டுப் போவார். அம்மையார் தானே ஓட்டுவார். பனி விழும்வரை ஒரு ஞாயிறும் தவறாது. இடுப்பு வலியில் ஏறுவதற்குக் கால்மணிநேரம் எடுக்கும், ஏறிய பிறகு பதினெட்டு வயதுப் பெண்போல நிமிர்ந்து இருப்பார். பின்னால் ஒரு சின்ன ஆசனம். அதில் நான் இருக்க வேண்டும், இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு. அது அவர்கள் வழக்கம்.

அதைக் கேட்ட அன்று எனக்குக் காது சுட்டது. கைகட்டி நிற்பது என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்தானே. திணைக்களத்தில் மேலதிகாரிக்கு முன்னால்கூட நான் கைகட்டியவன் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அம்மையார் சொன்னார்: பின்னால் இருப்பவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தால், ஓட்டுபவர் மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கையைக் கட்டியிருந்தால் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

நம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் இருக்கவில்லை. ஆனாலும் கையைக் கட்டினேன்.

வண்டியின் இரண்டு பக்கமும் பித்தளை விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குழாய், அதற்குள் ஒரு ஸ்பிரிங். மெழுகுதிரி எரிய எரிய ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். சுடர் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். விளக்கைத் துடைப்பது என் வேலை. ஏற்றுவது அவர் வேலை, அதை யாருக்கும் விடமாட்டார். புது மெழுகுதிரி போட்டால் உடனே ஒருமுறை ஏற்றி, கொஞ்சம் எரியவிட்டு, ஊதி அணைப்பார். சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எரிந்து முடிந்த கட்டைகளை என் கையில் தந்து குப்பையில் போடச் சொல்வார்.

நான் போடவில்லை. போட முடியவில்லை என்பதுதான் சரி. எங்கள் வீட்டில் விளக்கு மனைவியின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கருகின திரியை எடுத்துவிட்டுப் புதுத்திரி போடுவாள். கருகின திரியோடு விளக்கை வைத்தால் வீட்டுக்கு மூதேவி வரும் என்பாள். எடுத்த திரியைக் குப்பையில் போடவும் விடமாட்டாள். வெளிச்சம் தந்த பொருள் யாருடைய காலிலும் மிதிபடக் கூடாது. கொண்டுபோய்ச் செவ்வரத்தை மரத்தடியில் போடுவாள். நான் அவளைப் பகிடி பண்ணியவன். ஆனால் கடல் கடந்து வந்த பிறகு என் கையும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. செவ்வரத்தைக்கு எங்கே போவது? கொட்டகையில் ஒரு நீலத் தகர பிஸ்கற் பேணி வெறுமனே கிடந்தது. கட்டைகளை அதற்குள் போட்டு, பொலிஷ் போத்தல்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். யாராவது கண்டால் விசரன் என்று நினைப்பார்கள் என்ற பயம்.

எண்பத்தாறில் மனைவியையும் மகளையும் ஸ்பொன்சர் பண்ணக்கூடிய நிலைமை வந்தது. அதற்கு வேலை தருபவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், வேலை நிரந்தரம் என்று. அம்மையாரிடம் கேட்டேன். உடனே தந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தரவில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அப்பாவின் உயிலில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டிகள் ஓட வேண்டும். ஓட்டுகிற பிள்ளையிடம்தான் அவை இருக்கலாம். ஓட்டம் நின்றால் ஆற்றங்கரை வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கே இருக்கும் அம்மையாரின் அண்ணனிடம், தங்கை இப்போது வண்டி ஓட்டுவதில்லை, சும்மா மினுக்கி வைத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் பார்க்க வருகிறார். வண்டிகள் போனால் உன் வேலையும் போகும். போகக்கூடிய வேலையை நிரந்தரம் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பது? அண்ணன் வந்து போகட்டும்.

நேர்மையான பதில்தான். அன்றிரவு எனக்குக் கோபத்தில் சோறு இறங்கவில்லை.

"ஒரு பொய்க் கடிதம் எழுதினால் உந்த மனுசிக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்றேன்.

அண்ணை கோழிக்கறியிலிருந்து தலை நிமிரவில்லை. "பொய் எழுதாத ஆளின்ரை கடிதத்துக்குத்தான் மதிப்பு. வாற மனுசனுக்கு வண்டியளை வடிவாக் காட்டு. வேறை என்ன செய்ய?"

வடிவாகக் காட்டினேன். அங்கேதான் பிழை வந்தது.

அம்மையாரின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை அம்மையார் இடுப்பு வலியோடு படுத்துவிட்டார். நான் தனியே விடியற்காலையிலிருந்து வேலை செய்தேன். சக்கரங்களை உயர்த்திச் சுழற்றித் துடைத்தேன். தோலுக்கு எண்ணெய் பூசினேன். கடைசியில் திறந்த வண்டியின் விளக்குகளைத் திறந்தேன். உள்ளே போன கிழமை எரிந்த பாதி மெழுகுதிரிகள், கருகின திரியோடு. வீட்டுக்குப் பெரிய மனிதர் வருகிறார், விளக்கில் கருகின திரியா? மனைவியின் குரல் எனக்குக் காதில் கேட்டது. இரண்டையும் எடுத்துப் பேணிக்குள் போட்டேன். பெட்டியிலிருந்து பால்வெள்ளையாக இரண்டு புது மெழுகுதிரிகளைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மூடினேன். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாக இருந்தது. இதைப் பார்த்த பிறகு எவன் வண்டியைக் கொண்டுபோவான் என்று நினைத்தேன்.

அண்ணனார் மறுநாள் மத்தியானம் வந்தார். தங்கையைவிட உயரம், தங்கையைப் போலவே நிமிர்ந்த முதுகு. கொட்டகைக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றினார். கோயிலுக்குள் வருகிற ஆள்போல மெதுவாக நடந்தார். பெரிய கோச்சின் கதவில் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். நான் சுவரோரம் நின்றேன், வழக்கப்படி வாய் திறக்காமல்.

"நீ ஓட்டுகிறாயா?" என்று தங்கையைக் கேட்டார்.

"ஒவ்வொரு ஞாயிறும். இருட்டும்வரை."

அவர் திறந்த வண்டியைச் சுற்றிவந்தார். விளக்கின் கதவைத் திறந்து, விரலை உள்ளே விட்டுத் திரியைத் தொட்டார். மற்றப் பக்கமும் போய்த் தொட்டார். விரலைத் தங்கைக்குக் காட்டினார். வெள்ளை விரல், ஒரு பொட்டுக் கரி இல்லை.

"இவற்றோடா?" என்றார்.

அவர் சொன்னதிலிருந்துதான் எனக்கு விளங்கியது. அவர்கள் வீட்டில் எரியாத திரியோடு விளக்கு வைக்கவே மாட்டார்கள். ஒருமுறையாவது ஏற்றி அணைத்திருக்க வேண்டும். வெள்ளைத் திரி இருந்தால், அந்த வண்டி பார்வைக்கு வைத்த வண்டி, ஓடுகிற வண்டி அல்ல. அப்பா இருந்த காலத்தில் பிள்ளைகள் முதலில் படித்த பாடம் அதுவாம். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், கோபமும் இல்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னார். அவருக்கும் இது சந்தோஷமான வேலை இல்லை என்று தெரிந்தது.

அம்மையார் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் வேலையாள் செய்த பிழை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. வேலையாளின் பிழையை மற்றவர் முன்னால் சொல்வது அவர்கள் வீட்டில் இழிவு, பிழை எசமானுடையது. அந்தக் கிழவி தன் வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார்.

எனக்கு அந்த வெள்ளைத் திரிகளோடு என் மனைவியும் பிள்ளையும் போகிறார்கள் என்று தோன்றியது. அதைவிட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இந்த மனுஷிக்கு நான் இதைச் செய்துவிட்டேனே என்பது இன்னும் சுட்டது. அலமாரிக்குப் போனேன். பொலிஷ் போத்தல்களைத் தள்ளிவிட்டுப் பேணியை எடுத்தேன். ஒரு போத்தல் விழுந்து உடைந்தது. பேணியைக் கொண்டுவந்து அந்தப் பெரியவர் முன்னால் திறந்தேன்.

என் இங்கிலீஷ் மோசமில்லை. ஆனால் அது திணைக்களக் கடிதம் எழுதிப் பழகிய இங்கிலீஷ். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். "ஐயா, தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் அறியத்தருவது," என்று தொடங்கிவிட்டேன். புதுத்திரி போட்டது நான். அம்மையாருக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தில் மரியாதைக்குரியவர் வந்தால் கருகின திரியை வைக்க மாட்டோம். இவை இரண்டு வருடமாக இந்த வண்டியில் எரிந்தவை.

பேணி நிறைய மெழுகுக் கட்டைகள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிங்கின் தட்டு அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். வேறு எந்த விளக்கில் எரிந்தாலும் அது வராது. பெருவிரலால் அந்த வட்டத்தைத் தடவினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதையெல்லாம் ஏன் வைத்திருக்கிறாய்?"

"வெளிச்சம் தந்ததைக் குப்பையில் போடுவதில்லை, ஐயா. போடுவதற்கு ஒரு மரம் தேடிக்கொண்டிருக்கிறேன்."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதை மறைக்கத்தான்.

அன்று மாலை பண்ணைக்காரர் குதிரைகளைக் கொண்டுவந்தார். அம்மையார் கடிவாளம் பிடித்தார், அண்ணனார் பக்கத்தில், நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு. இருட்டத் தொடங்கியதும் வண்டியை நிறுத்தி, விளக்கை ஏற்றும்படி அம்மையார் என்னிடம் நெருப்புப்பெட்டியைத் தந்தார். முதல் தடவையாக என்னிடம். ஒக்டோபர் காற்று. புதுத்திரி பிடிக்கவில்லை. ஒரு குச்சி, இரண்டு குச்சி, மூன்று, நாலு. குதிரைகள் காலை மாற்றி மாற்றி வைத்தன. ஐந்தாவது குச்சியில்தான் பற்றியது. மேலே இருந்து இரண்டு கிழடுகளும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"எரிந்த திரி என்றால் ஒரே குச்சியில் பிடித்திருக்கும்," என்றார் அம்மையார். "அதற்காகத்தான்."

திங்கட்கிழமை அண்ணனார் வண்டிகளைத் தங்கையிடமே விட்டுவிட்டுப் புறப்பட்டார். ஒரு கட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான்கு குதிரை பூட்ட இனி இங்கே யாராலும் முடியாது என்று பெரிய கோச்சை மட்டும் அடுத்த வசந்தத்தில் அம்மையாரே அனுப்பிவைத்தார். அதைக் கடைசியாகக் கழுவும்போது என் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் அண்ணையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாகும்வரை பகிடி பண்ணியிருப்பார். திங்கட்கிழமையே அம்மையார் கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வைத்து, உறையில் போட்டுத் தந்தார். நிரந்தரம் என்ற சொல்லை இரண்டு தடவை போட்டிருந்தார்.

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. எண்பத்தெட்டு தொடக்கத்தில், நல்ல குளிரில், அண்ணையின் காரில் மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்துக்குப் போய் இருவரையும் கூட்டிவந்தேன். மகளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. தாயின் கோட்டுக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்து, "மாமா" என்றாள். அண்ணை காரை எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

ஸ்காபரோவில் பதினோராவது மாடியில் ஒரு அபார்ட்மென்ற் எடுத்திருந்தேன். முதல் வெள்ளிக்கிழமை மனைவி குளித்துவிட்டு வந்து, சூட்கேஸிலிருந்து விளக்கை எடுத்தாள். அதில் யாழ்ப்பாணத்தில் கடைசியாக ஏற்றிய திரி அப்படியே கருகிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுத்திரி போட்டாள். கருகின திரியை விரல் நுனியில் பிடித்தபடி பல்கனிக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். கீழே பனி, கார் பார்க், இன்னும் பனி.

"இஞ்சாருங்கோ, இதை எங்கை போடுறது? இஞ்ச ஒரு மரமும் இல்லை."

நான் உள்ளே போய் நீலப் பேணியை எடுத்துவந்து மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"இதென்ன, மெழுகுதிரிக் கட்டையளை எல்லாம் சேர்த்து வைச்சிருக்கிறியள்?"

"உம்மையும் பிள்ளையையும் இஞ்ச கூப்பிட்டது உதுகள்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துத் திரியை அந்தக் கட்டைகளுக்கு நடுவே வைத்தாள். பேணியைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, விளக்கை ஏற்ற மகளைக் கூப்பிட்டாள்.